உழவர் நிறுவனத்துக்கு ஒரு லோகோ: சக டிசைனர்களிடம் கருத்துக் கேட்டதில் நடந்தது

பின்னணி

2023 அக்டோபரில், ஈரோடு மாவட்டம் கொடுமுடிப் பக்கம் இருக்கும் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் லோகோ வரைந்து தரச் சொல்லி என்னிடம் வந்தது. நான் ஈரோட்டில் தனியாக வேலை பார்க்கும் டிசைனர். லேபிள், அட்டைப்பெட்டி, துண்டறிக்கை என்று அச்சு வேலைதான் அதிகம். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே விட்டுவிடுகிறேன். பெயரில் 'உழவர்' என்ற சொல் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பின்னால் அது தேவைப்படும்.

உறுப்பினர்கள் நிலக்கடலை, எள், தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயிகள். அதுவரை எள்ளைச் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். கடலையை வியாபாரி காட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார். இரண்டு வாகை மரச்செக்கு போட்டு, எண்ணெயாக ஆட்டியே விற்கலாம் என்று முடிவான பிறகுதான் பாட்டிலில் ஒட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்டது.

சரக்கு மூன்று உருவில் போகிறது: ஒரு லிட்டர் பாட்டில், 15 கிலோ டின், புண்ணாக்கு அடைத்த 50 கிலோ சாக்கு. பார்க்க எடுப்பாக இருப்பது பாட்டில். ஆனால் மாடு வைத்திருப்பவர்கள் மாதம் தவறாமல் வந்து வாங்குவது சாக்கைத்தான். முதல் சந்திப்பிலேயே இதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். வரைய உட்கார்ந்தபோது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட நிறுவனத்துக்குச் சட்டப்படி 5 முதல் 15 இயக்குநர்கள் இருக்கலாம். இங்கே 10 பேர், அதில் 3 பெண்கள். எல்லோரும் விவசாயிகள். அன்றாட வேலைகளைப் பார்ப்பவர் வேளாண்மை படித்த ஒரு இளைஞர், முதன்மைச் செயல் அலுவலர். என்னோடு பேசியது பெரும்பாலும் அவர்தான்.

முதல் வரைவும் முதல் சுற்றுக் கருத்தும்

இரண்டு குன்றுகளுக்கு நடுவே எழும் சூரியன், கீழே விரிந்த இரண்டு இலைகள், இலைகளுக்கு இடையில் ஒரு கடலைக்காய். வட்டத்துக்குள் வரைந்து, இளம்பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு வண்ணம் கரைந்து போவது போலக் கொடுத்திருந்தேன். இலை நரம்புகள் முடி அளவு மெல்லிய கோடுகள். கணினித் திரையில் நன்றாகவே இருந்தது.

என்னோடு படித்தவர்கள், முன்பு சேர்ந்து வேலை பார்த்தவர்கள் என்று 9 டிசைனர்கள் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்று எங்களுக்கு உண்டு. கோவை, சென்னை, சிவகாசி, பெங்களூர் என்று சிதறி இருக்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு படத்தை அதில் போட்டேன். வெறும் லோகோவாகப் போடாமல், பழுப்புக் காகிதப் பையில் அச்சடித்து மேசைமேல் வைத்து வெயில் சாய்ந்து விழுவது போன்ற ஒரு மாதிரிப் படத்தில் பொருத்திப் போட்டேன். கேட்டது ஒரே வரி: "எப்படி இருக்கு, சொல்லுங்க."

ஒரு மணி நேரத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. பாதிக்கு மேல் 'அருமை', 'சூப்பர்', கட்டைவிரல். ஒருவர் எழுத்தைத் தடிமனாக்கச் சொன்னார், இன்னொருவர் மெலிதாக்கச் சொன்னார். வட்டம் வேண்டாம் என்று ஒருவர். ஆங்கில எழுத்தில் பெயர் போட்டால்தான் கடையில் எடுபடும் என்று ஒருவர் அழுத்திச் சொன்னார். பையின் நிழல் இயல்பாக இருக்கிறது என்று இருவர் பாராட்டினார்கள். அது நான் வரைந்ததே அல்ல, மாதிரிப் படத்தோடு வந்தது.

வேறு இரண்டு வரிகளும் வந்திருந்தன. சிவகாசியில் இருக்கும் நண்பர், "எதுல அச்சடிக்கப் போறீங்க?" என்று கேட்டிருந்தார். "எல்லாத்துலயும்தான்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். சென்னைத் தோழி ஒருவர், "ரெட்டை இலையா?" என்று எழுதிச் சிரிக்கும் முகம் போட்டிருந்தார். கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சுற்றில் பயன்பட்டிருக்கக்கூடியவை அந்த இரண்டே கேள்விகள்தான். இரண்டையும் தவறவிட்டேன். மற்றவர்களைக் குறை சொல்ல வழியில்லை. யார் வாங்குவார்கள், எதில் அச்சாகும், நிறுவனம் எங்கே இருக்கிறது, இதில் எதையுமே அவர்களிடம் நான் சொல்லியிருக்கவில்லை. கையில் கிடைத்தது ஒரு படம், அதைப் படமாகப் பார்த்துச் சொன்னார்கள்.

அப்புறம் செய்தது இதைவிடப் பெரிய பிழை. வந்த கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஒரே நேரத்தில் ஏற்றுக்கொண்டு இரண்டாம் வரைவு ஒன்று தயாரித்தேன். எழுத்து நடுத்தரத் தடிமன், வட்டம் பாதி, பெயர் இரண்டு மொழியில். எவர் மனமும் நோகவில்லை, ஆனால் முதல் வரைவில் இருந்த சிறிது உயிரும் போய்விட்டது.

இயக்குநர் கூட்டம்

நவம்பரில் இரண்டு வரைவுகளையும் ஏ4 தாளில் அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். சரக்கு வைக்கும் கிட்டங்கியை ஒட்டிய அறை, செக்கு ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தாள் கை மாறி மாறிப் போனது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் மூத்த இயக்குநர் ஒருவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங் தம்பி, மேல உதயசூரியன் இருக்குது, கீழ ரெட்டை இலை இருக்குது. இதை எந்தக் கட்சிக்காரன் வாங்குவான்?"

பக்கத்தில் இருந்த பெண் இயக்குநர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "நம்ம சங்கத்துல எல்லாக் கட்சிக்காரங்களும் இருக்காங்க. கூட்டத்துல நாங்க கட்சி பேசறதே இல்லீங்க. இதைப் பாட்டில்ல ஒட்டுனா நாளைக்குப் பேச வேண்டியதாப் போகும்."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தி.மு.க.வின் உதயசூரியனும், 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் தொடங்கி அ.தி.மு.க. கையில் இருக்கும் இரட்டை இலையும் தமிழ்நாட்டில் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த படங்கள். ஒரே வட்டத்துக்குள் இரண்டையும் வைத்துவிட்டு, அதை இயற்கைக் காட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரைந்துகொண்டிருக்கும் கண்ணுக்குச் சூரியன் வெறும் சூரியனாகத்தான் தெரிந்தது.

அன்றே உட்கார்ந்து பட்டியல் போட்டோம். விவசாயம் என்றதும் கைக்கு வரும் படங்களில் எவையெல்லாம் ஏற்கெனவே ஒருவருடையவை? சூரியன், இலை முடிந்தது. நெற்கதிரோடு அரிவாள் சேர்ந்தால் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. மாம்பழம் பா.ம.க. கரும்போடு நிற்கும் விவசாயி 2019, 2021 தேர்தல்களில் நாம் தமிழர் கட்சிக்கு இருந்தது. வண்ணத்திலும் கறுப்பு-சிவப்பு, காவி இரண்டும் வேண்டாம் என்றார்கள். அடுத்த சில மாதங்களில் மக்களவைத் தேர்தல் வேறு வர இருந்தது. கிட்டங்கிச் சுவரில் லோகோவைப் பெரிதாக எழுதும் திட்டமும் இருந்தது.

அங்கே எடுத்த முடிவுகள் இரண்டு. வரைவுகள் இரண்டையும் கைவிடுவது. அடுத்து வரைவதைச் சக டிசைனர்களிடமும் ஊர் ஆட்களிடமும் தனித்தனியாகக் காட்டுவது, இரு தரப்பிடமும் வேறு வேறு கேள்வி கேட்பது. இரண்டாவது, செயல் அலுவலர் சொன்ன யோசனை. டிசைனருக்குக் கோடு தெரியும், சந்தைக்கு வருபவருக்குச் சின்னம் தெரியும் என்பதை அந்தக் கூட்டத்திலேயே அவர் கண்டுகொண்டார்.

இரண்டாம் சுற்று: கேட்ட விதத்தை மாற்றியது

மூன்று வரைவுகள் தயாரித்தேன். முதலாவது, நின்ற நிலையில் ஒரு கடலைக்காய். இரண்டாவது, மாடு சுற்றும் செக்கு. மூன்றாவது, மேலிருந்து பார்த்தால் தெரியும் செக்கின் வாய், அதாவது தடித்த ஒரு வளையம், அதில் சாய்ந்து நிற்கும் உலக்கை.

இந்தத் தடவை படத்துக்கு முன்னால் ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினேன். எந்த ஊர், யார் வாங்குகிறார்கள், சாக்கில் ஒரே மையில் அச்சாகும், லேபிளில் லோகோவுக்குக் கிடைக்கும் இடம் இரண்டரை சென்டிமீட்டர்தான், கட்சிச் சின்னச் சிக்கல், எல்லாம் அதில் இருந்தது. இடம் குறைவாக இருப்பதற்குக் காரணமும் எழுதினேன். உணவுப் பொருள் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண், சைவத்தைக் குறிக்கும் பச்சைப் புள்ளி, எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் இருந்தாக வேண்டும். 'புரொடியூசர் கம்பெனி லிமிடெட்' என்று முடியும் நீளமான முழுப் பெயரும் அங்கேதான் இடம்பெற வேண்டும். படங்களைக் கறுப்பில் மட்டும், இரண்டு சென்டிமீட்டர் அளவிலும் இருபது சென்டிமீட்டர் அளவிலும் போட்டேன். மாதிரிப் படம் எதிலும் பொருத்தவில்லை.

கேள்விகள் மூன்று. ஐந்து நொடி பார்த்ததும் மனதில் வரும் சொல் எது? ஒரே மையில் அச்சடித்தால் எந்தக் கோடு முதலில் போகும்? யாருடைய அடையாளத்தையாவது இது ஞாபகப்படுத்துகிறதா? கீழே ஒரு வரி சேர்த்தேன்: பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டாம்.

பதில் வர மூன்று நாள் ஆனது, ஐந்து பேரிடமிருந்துதான் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் அரைப் பக்கம். கடலைக்காயைப் பார்த்து ஒருவர் '8' என்று எழுதினார். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரரான இன்னொருவருக்கு அது பட்டுக்கூடு. அவர் ஊரில் பட்டு வளர்ப்பு அதிகம், அந்த உருவம் அவருக்குப் பழகியது. சென்னைத் தோழி வேறொன்றைக் காட்டினார். பச்சை வளையத்துக்குள் ஒற்றை இலை வைத்தாலும், அங்கீகாரம் பெற்ற இயற்கை விளைபொருள்களுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையின் சாயல் வரும் என்றார். இந்த நிறுவனத்துக்கு அந்தச் சான்று இல்லை. வாங்குபவர் தவறாக நினைக்க இடம் கொடுக்கக்கூடாது என்பதால் பச்சையையே விட்டுவிட்டோம். பதிலாகச் செம்மண் நிறம். மஞ்சளும் யோசனையில் இருந்தது, ஆனால் வெள்ளைச் சாக்கில் தூரத்திலிருந்து மஞ்சள் தெரியாது என்று சிவகாசி நண்பர் நிறுத்திவிட்டார்.

வந்த கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏற்றேனா தள்ளினேனா, ஏன் என்று ஒரு வரி எழுதிவைத்தேன். ஆங்கிலப் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்ற நண்பர் இந்தத் தடவையும் அதையே சொன்னார். வாங்குபவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்து ஆட்கள், கடைப் பலகையைத் தமிழில் படிப்பவர்கள் என்பதால் அதைத் தள்ளினேன். காரணத்தையும் அவரிடம் சொன்னேன். நேரம் ஒதுக்கிக் கருத்துச் சொன்னவருக்கு, தள்ளியதற்கான காரணத்தையாவது சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் சுற்றில் அதைக்கூட நான் செய்யவில்லை.

ஊர் ஆட்களிடம் காட்டியது

டிசம்பரில் செயல் அலுவலரும் நானும் பெயர் இல்லாத படங்களை எடுத்துக்கொண்டு வாரச் சந்தைக்குப் போனோம், பிறகு செக்குக் கொட்டகைக்கு. விளக்கம் எதுவும் சொல்லாமல், "இது என்னங்க?" என்று மட்டும் கேட்டோம். இருபது பேருக்கு மேல் இருப்பார்கள்.

மாட்டுச் செக்கை எல்லோரும் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பாட்டிலில் மூடி போடும் ஓர் அக்கா அதை நிறுத்தினார். "நம்ம செக்கு மோட்டார்ல ஓடுதுங் கண்ணு. மாடு எங்க இருக்குது? வாங்குறவங்க வந்து பார்த்தா பொய்யாயிடுமே." டிசைனர்கள் ஐந்து பேரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மாட்டை அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

கடலைக்காயை எள் போடும் உறுப்பினர் ஒருவர் ஒரே கேள்வியில் தள்ளிவிட்டார்: "அப்ப எங்க எள்ளு எங்க?" வளையமும் உலக்கையும் கொண்ட படத்தைப் பார்த்துப் பாதிப்பேர் செக்கு என்றார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் உரல் என்றார்கள். ஈரோட்டிலிருந்து வந்திருந்த இரண்டு மூன்று பேருக்கு அது சட்டியும் கரண்டியும். மூன்றுமே ஆட்டுவது, இடிப்பது, சமைப்பது என்று உணவைச் சுற்றித்தான் வந்தன. கடலைக்கும் எள்ளுக்கும் தேங்காய்க்கும் பொதுவானதும் செக்குதான். இயக்குநர் கூட்டம் அதையே எடுத்துக்கொண்டது.

சாக்கில் அச்சடித்துப் பார்த்தது

2024 ஜனவரியில், மொத்தமாக அச்சடிப்பதற்கு முன் ஐந்து சாக்குகளில் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்குப் போனோம். சிவகாசி நண்பர் சொன்னதால்தான் இந்த வேலையைத் தனியாகச் செய்தோம்.

நெய்த பிளாஸ்டிக் சாக்கின் மேற்பரப்பு வழவழப்பானது அல்ல, பாய் முடைந்தது போல மேடும் பள்ளமுமாக இருக்கும். மை மேட்டில் பிடிக்கும், பள்ளத்தில் இறங்காது. வளையம் பளிச்சென்று விழுந்தது. உலக்கையும் சரி. பெயரில்தான் கோளாறு. 'ழ' எழுத்தின் கீழே வளையும் வாலை நான் அழகுக்காக மெல்லியதாக இழுத்திருந்தேன். சாக்கில் அந்த வால் இல்லவே இல்லை. 'உழவர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'உமவர்' என்று இருந்தது.

பட்டறைக்காரர் இதை எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறார். "இந்த வால் நிக்காதுன்னு ஃபிலிம் பார்த்தப்பவே நினைச்சேனுங்க. சாக்கு என்ன காகிதமா?" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலீங்களே" என்றார்.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் அந்த எழுத்தைத் திருப்பி வரைந்தேன். வாலை உலக்கையின் தடிமனுக்கே கொண்டுவந்து கொஞ்சம் கீழே இறக்கினேன். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியும் கூட்டினேன். இரண்டாம் தடவை போட்டபோது பட்டறை வாசலில் நின்று பார்த்தாலும் 'ழ' தெரிந்தது. இப்போது லேபிளிலும் அதே எழுத்துருவம்தான் போகிறது. மெல்லிய வாலைவிட இது அழகு என்று சொல்ல மாட்டேன். படிக்க முடிகிறது.

விளைவு

பிப்ரவரியில் புதுச் சாக்கும் லேபிளும் வந்தன. மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவிப்போடு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும், ஊரில் கட்சிச் சுவர் எழுத்துகளுக்கு வெள்ளையடித்தார்கள். கிட்டங்கிச் சுவரில் எழுதியிருந்த செக்குப் படத்தை யாரும் தொடவில்லை. முதல் வரைவு அந்தச் சுவரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று செயல் அலுவலர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடு வைத்திருப்பவர்கள் கடையில் "செக்குப் படம் போட்ட சாக்கு" என்று கேட்டு வாங்குகிறார்கள். நிறுவனத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, படம் தன் வேலையைச் செய்கிறது.

டிரேட்மார்க் பதிவுக்கு எண்ணெய் 29ஆம் வகுப்பிலும் புண்ணாக்கு 31ஆம் வகுப்பிலும் வருவதால் இரண்டிலும் விண்ணப்பித்தார்கள். 'செக்கு' என்ற சொல் பொருளையே விவரிக்கும் பொதுச்சொல், அதை ஒருவர் தனக்கென்று உரிமை கோர முடியாது. அதனால் படமும் பெயரும் சேர்ந்த வடிவத்துக்குத்தான் விண்ணப்பம்.

கோடையில் ஒரு குறை வெளிப்பட்டது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கவும் போனில் பட்டியல் காட்டவும் தொடங்கினார்கள். அங்கே லோகோ சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கியது. ஒரு வளையம், அதிலிருந்து சாய்வாக நீளும் ஒரு தடி. திரையில் அது அப்படியே தேடலுக்கான பூதக்கண்ணாடிக் குறி. வாடிக்கையாளர் சிலர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதையும் தேடித் தர மாட்டேங்குதே" என்று கேட்டிருக்கிறார்கள். சந்தையிலோ கொட்டகையிலோ யாரும் அப்படிச் சொல்லவில்லை, காரணம் நாங்கள் காட்டியது தாளில். டிசைனர்களும் சொல்லவில்லை. நான் அனுப்பிய குறிப்பில் சாக்கும் லேபிளும்தான் இருந்தன, எல்லோரும் சாக்கை நினைத்தே பார்த்தார்கள்.

இன்னொரு தடவை என்றால்

லோகோ எங்கெங்கே போகப்போகிறது என்ற பட்டியலை முதலில் எழுதுவேன், போன் திரை உட்பட. கருத்துக் கேட்கும் குறிப்பை அதிலிருந்துதான் எடுப்பேன். அச்சடிப்பவரை இரண்டாம் சுற்றிலேயே சேர்த்துக்கொள்வேன். ஃபிலிம் கைக்கு வரும் முன்பே அவரால் அந்த வாலைக் காட்டியிருக்க முடியும், நான் கேட்டிருந்தால்.

சிரிக்கும் முகத்தோடு வரும் ஒற்றை வரிக்கு ஒரு போன் பண்ணிக் கேட்பேன். சென்னைத் தோழி பின்னால் சொன்னார், அவர் கேலியாக எழுதவில்லை. குழுவில் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தபோது நேராகச் சொல்லத் தயங்கியதால்தான் அந்த முகத்தைச் சேர்த்தாராம். எல்லோரும் பார்க்கும் இடத்தில் கேட்டால் முதல் பாராட்டுக்குப் பிறகு வருபவர்களுக்கு வாய் கட்டிவிடுகிறது. இப்போதெல்லாம் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே அனுப்புகிறேன்.

இரண்டு சுற்றுக்கு நடுவே, வந்ததையெல்லாம் சேர்த்து ஒரு வரைவு தயாரித்தேன் அல்லவா, அதைச் செய்யவே மாட்டேன். அதில் போன பத்து நாளில் சந்தைக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கலாம்.

போன் திரைக்காக இப்போது ஒரு சிறு மாற்றம் வரைந்திருக்கிறேன். உலக்கையை வளையத்துக்கு வெளியே நீட்டாமல், உள்ளே ஊன்றி நிற்பதுபோல் வைத்து, அடியைப் பருமனாக்கியிருக்கிறேன். மூடி போடும் அக்காவின் போனில் அதை முதலில் காட்டினோம். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இப்பச் செக்கு மாதிரி இருக்குது, ஆனா அந்த ஓரத்துல எண்ணெய் வடியற மூக்கைக் காணோமே" என்றார். அதைச் சேர்த்த வரைவு ஐந்து டிசைனர்களுக்கும் போயிருக்கிறது.